சுவரில் எழுதிய விழுமியம் கவுன்டருக்கு வந்து சேர: நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பணியாளர் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் ஐந்து வருடம் இருந்தேன். பொன்விழாவுக்காக அலுவலகத்துக்குப் புதுச் சாயம் அடித்தபோது, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் சுவரில் நான்கு சொற்களை எழுதினோம்: நேர்மை, சமத்துவம், வெளிப்படைத்தன்மை, சேவை. சொற்களைத் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருவன். கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து ஓர் அலுவலக உதவியாளர் கவுன்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கடன் மனு கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவருக்குப் பத்து நாள் பின்னால் மனு கொடுத்த ஒரு கண்காணிப்பாளருக்குக் காசோலை போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "சார், சுவத்துல சமத்துவம்னு எழுதியிருக்கீங்களே, அதுல நானும் உண்டா?" என்று கேட்டார்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். யாரும் லஞ்சம் வாங்கவில்லை. செயலாளரும் கெட்டவர் இல்லை. கண்காணிப்பாளர் நேரில் வந்து உட்கார்ந்து பேசினார், அவருடைய மனு கட்டின் மேலே வந்துவிட்டது. உதவியாளரின் மனுவில் ஒரு ஜாமீன்தாரரின் கையெழுத்து விடுபட்டிருந்தது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நடந்தது அவ்வளவுதான். சுவரில் இருந்த சொல்லையும் மேசையில் இருந்த மனுக்கட்டையும் இணைக்கும் ஒரு வேலையைக்கூட நாங்கள் செய்திருக்கவில்லை.

அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பள்ளி, மருத்துவமனை, ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், வழக்கறிஞர் அலுவலகம், அறக்கட்டளை என்று எதை நடத்துபவருக்கும் இது பயன்படும். தலைமைப் பதவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் உங்கள் மேசை வரை செய்யலாம்.

தொடங்கும் முன்: விழுமியம் என்றால் என்ன

"தரமான சேவை தருவோம்" என்பது ஒரு விருப்பம். "இந்த ஆண்டு ஆயிரம் பேருக்குக் கடன் தருவோம்" என்பது ஓர் இலக்கு. இரண்டுமே தேவைதான், ஆனால் இரண்டும் விழுமியம் ஆகாது. பணமோ, நேரமோ, செல்வாக்குள்ள ஒருவரின் நட்போ போனாலும் பரவாயில்லை, இதை மட்டும் விடமாட்டோம் என்று ஒரு நிறுவனம் எதைச் சொல்கிறதோ, அதுதான் அதன் அடிப்படை விழுமியம். எதையும் இழக்கத் தயாராக இல்லாமல் எழுதிய சொல் வெறும் அலங்காரமாகவே நிற்கும்.

தொழில்முறை நிறுவனங்களுக்கும் பொது நிறுவனங்களுக்கும் இது ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது? மளிகைக் கடையில் எடை குறைந்தால் அடுத்த கடைக்குப் போகலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் அலைக்கழித்தால் போவதற்கு வேறு வட்டாட்சியர் கிடையாது. அறுவை சிகிச்சை மேசையில் மயக்கத்தில் கிடப்பவர் மருத்துவர் செய்வது சரியா என்று பார்க்க முடியாது. விலகிப் போகவும் முடியாமல், சரிபார்க்கவும் முடியாமல் இருப்பவர் எதிரே நிற்கும்போது, அவருக்கு மிஞ்சுவது உள்ளே இருப்பவரின் மனசாட்சியும் அந்த மனசாட்சிக்கு நிறுவனம் தரும் துணையும்தான்.

படி 1: சொல்லைத் தேடாதீர்கள், சம்பவங்களைச் சேகரியுங்கள்

நாங்கள் செய்த பெரிய தவறு, சொற்களிலிருந்து தொடங்கியதுதான். "நேர்மை வேண்டுமா?" என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்?

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதிகாரிகளை மட்டும் கூப்பிடாதீர்கள். கவுன்டரில் இருப்பவர், ஓட்டுநர், இரவு ஷிஃப்ட் செவிலியர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் எல்லோரும் வர வேண்டும். வாசலில் நடப்பது காவலாளிக்குத் தெரிகிற அளவு தலைவருக்குத் தெரியாது. ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுங்கள். ஒன்றில் இந்த இடத்தில் வேலை செய்வதற்காகப் பெருமைப்பட்ட ஒரு நாளைப் பற்றி எழுதட்டும், மற்றதில் தலைகுனிந்த ஒரு நாளைப் பற்றி. பெயர் வேண்டாம். எழுத முடியாதவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி எழுதிக்கொள்ளட்டும்.

சீட்டுகளைத் தலைவர் வாசிக்கக் கூடாது. இளையவர் யாராவது வாசிக்கட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் அவர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்புறம் தீர்மானப் புத்தகத்தை எடுங்கள். போன ஆண்டு எடுத்த முடிவுகளில் கடினமானவை பத்தைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் கடைசியில் வென்றது எது என்று ஓரத்தில் குறியுங்கள். விதியா, பணமா, அவசரமா, உறவா, பயமா? அந்த ஓரக் குறிப்புகள்தான் இன்று உங்கள் நிறுவனத்தில் உயிரோடு இருக்கும் விழுமியங்கள். எங்கள் சங்கத்தில் அப்படிப் பார்த்தபோது மேலே வந்தது "தெரிந்தவருக்கு உதவுவது". அதைக் கேட்க யாருக்கும் பிடிக்கவில்லை, ஆனால் அது பொய் என்று சொல்லவும் யாராலும் முடியவில்லை.

படி 2: குறைவாக எழுதுங்கள், வரிசைப்படுத்தி எழுதுங்கள்

மூன்று அல்லது நான்கு போதும். எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம். இரண்டு நல்ல விஷயங்கள் ஒன்றோடொன்று மோதும் நாளில்தான் விழுமியம் தேவைப்படுகிறது. விரைவு முக்கியமா, முறை முக்கியமா? இரக்கமா, விதியா? அந்த நேரத்தில் வரிசை இல்லாத பட்டியல் கைகொடுக்காது.

வரிசையின் பலனுக்கு உலகம் அறிந்த உதாரணம் ஜான்சன் அண்ட் ஜான்சன். 1943-ல் அதன் தலைவர் ராபர்ட் வுட் ஜான்சன் எழுதிய ஒரு பக்க உறுதிமொழி, நிறுவனத்தின் முதல் பொறுப்பு மருத்துவர், செவிலியர், நோயாளி, தாய்மார் என்று பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கே என்று தொடங்குகிறது. அடுத்து ஊழியர்கள், பிறகு சமுதாயம். பங்குதாரர்கள் கடைசியில் வருகிறார்கள். 1982-ல் சிகாகோ பகுதியில் யாரோ அந்த நிறுவனத்தின் ‘டைலனால்’ என்ற வலி நிவாரணி மாத்திரைப் புட்டிகளில் சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். நிறுவனம் அமெரிக்கா முழுவதிலுமிருந்து சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. செலவு ஏறக்குறைய 10 கோடி டாலர். தவறு தொழிற்சாலையில் நடக்கவில்லை, கடைகளில் நடந்தது என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று 39 ஆண்டு முன்னரே எழுதி வைத்திருந்ததால், நெருக்கடி நாளில் அதை முதலிலிருந்து விவாதிக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் பட்டியலில் எவை மோதும் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். எங்கள் சங்கத்தில் எழுதியது இது: "மனு வந்த தேதி வரிசைப்படியே கடன். மருத்துவ அவசரம் வந்தால் மட்டும் வரிசை மாறும். மாற்றியவர் காரணத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்."

படி 3: பெயர்ச்சொல்லை வினைச்சொல் ஆக்குங்கள்

"வெளிப்படைத்தன்மை" என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரையும் எதுவும் கேட்க முடியாது. யார், எதை, எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்று எழுதினால் கேட்கலாம்.

பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதாக எழுந்த புகார்களுக்குப் பின் 1994-ல் நோலன் பிரபு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அது 1995-ல் பொதுவாழ்வுக்கு ஏழு நெறிகளை வகுத்தது: தன்னலமின்மை, நாணயம், பக்கச்சார்பின்மை, பதில் சொல்லும் பொறுப்பு, வெளிப்படைத்தன்மை, உண்மை, முன்னின்று நடத்துதல். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, பதவியில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று ஓரிரு வாக்கியம் உண்டு. வெளிப்படைத்தன்மைக்குக் கீழே இருப்பதன் சாரம்: தெளிவான, சட்டப்படியான காரணம் இருந்தால் தவிர தகவலை மறைக்கக் கூடாது. இதன்படி காரணம் சொல்ல வேண்டியவர் மறைப்பவர். கேட்பவருக்கு அந்தச் சுமை இல்லை. எழுதும் விதத்தில் இப்படி ஒரு சின்ன மாற்றம் செய்தாலே அதிகாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாறிவிடுகிறது.

இதைவிடக் கூர்மையான உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டம். (தமிழ்நாடு 1997-லேயே இதற்கென ஒரு சட்டம் இயற்றியது.) மனுவுக்கு 30 நாளில் பதில், ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். காரணமில்லாமல் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். அதுவும் பொறுப்பான அலுவலரின் மேல். யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றுக்கு 4-ம் பிரிவில் தனிப் பட்டியல் இருக்கிறது. நடைமுறையில் எத்தனை குறை இருந்தாலும், நாளும் பொறுப்பாளரும் விளைவும் எழுதப்பட்டிருப்பதால்தான் ஒரு சாதாரண மனிதர் ஒரு வெள்ளைத்தாளோடு போய் நிற்க முடிகிறது.

நீங்கள் எழுதிய வாக்கியத்தை நேற்று வேலைக்குச் சேர்ந்தவரிடம் கொடுங்கள். இது மீறப்பட்டதா இல்லையா என்று அவரால் சொல்ல முடிந்தால் சரி. முடியாவிட்டால் திரும்ப எழுதுங்கள்.

படி 4: வேலை நடக்கும் முறைக்குள் வையுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகப் பலன் தருவது இதுதான். அதிகம் பேர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டவர் அவர். தேவையில்லாமல் யாரும் பார்வை இழக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். இந்தப் பிடிவாதம் அங்கே நடைமுறையாக எப்படி மாறியது என்பதைத்தான் நாம் கற்க வேண்டும்.

பணம் கட்டும் பிரிவுக்குப் போவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்று நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. ஏழை என்று ஒருவர் நான்கு பேர் முன் நிரூபிக்க வேண்டிய அவமானம் அங்கே இல்லாமல் போகிறது. மருத்துவர்கள் இரண்டு பிரிவுகளிலும் மாறி மாறி வேலை செய்கிறார்கள், அதனால் இலவசத்துக்கு ஒரு தரம், காசுக்கு ஒரு தரம் என்று பிரிய இடமில்லை. அடுத்தடுத்து இரண்டு மேசைகள் போட்டு, ஒன்றில் அறுவை சிகிச்சை நடக்கும்போதே அடுத்தவரைத் தயார்படுத்தி வைக்கிறார்கள். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாகாது. செலவு குறைந்தால்தான் இலவசம் நீடிக்கும். அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி வில்லை ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால் 1992-ல் ஆரோலேப் என்ற சொந்த உற்பத்திக் கூடத்தையே தொடங்கினார்கள். இரக்கம் என்ற சொல் அங்கே வரவேற்பு வரிசையாகவும் பணிப் பட்டியலாகவும் மேசை அமைப்பாகவும் தொழிற்சாலையாகவும் மாறியிருக்கிறது. அங்கே வேலைக்குச் சேரும் ஒரு சராசரி மனிதர், தனியாக முயற்சி எடுக்காமலே அந்த விழுமியப்படி நடந்துவிடுகிறார்.

இதோடு ஒப்பிட்டால் எங்கள் சங்கத்தில் நாங்கள் செய்தது மிகச் சிறியது. வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினோம். மனு எண், வந்த தேதி, இப்போதைய நிலை, தாமதம் என்றால் காரணம். பெயர் போடவில்லை. யார் கடன் வாங்குகிறார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. மனுவில் குறை இருந்தால் இரண்டு வேலை நாளுக்குள் போனில் சொல்ல வேண்டும், சொன்ன நேரத்தை மனுவின் ஓரத்திலேயே எழுத வேண்டும்.

முதல் மாதம் சண்டைதான். "என் நம்பர் ஏன் கீழே இருக்கு?" என்று தினமும் நான்கு பேர் வந்தார்கள். செயலாளர் சலித்துக்கொண்டார். இரண்டாவது மாதம் ஒரு மாற்றம் வந்தது. பெரிய பதவியில் இருந்த ஒருவர் வழக்கம்போல எதிரே உட்கார்ந்து பேசத் தொடங்கியபோது, செயலாளர் பலகையைக் காட்டி, "தேதி அங்க ஒட்டியாச்சு சார், இனி நான் நினைச்சாலும் மாத்த முடியாது" என்றார். வந்தவர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். நேர்மையாக இருக்க நினைக்கிற ஊழியர் நம் அலுவலகங்களில் குறைவில்லை. "முடியாது" என்று சொல்லும்போது பின்னால் சாய்ந்து நிற்க ஒரு சுவர் அவர்களுக்கு இல்லை என்பதுதான் குறை. அந்தத் தாள் எங்கள் செயலாளருக்கு அப்படி ஒரு சுவராக இருந்தது.

படி 5: இலக்கையும் ஊக்கத்தொகையையும் சோதியுங்கள்

எதற்குப் பரிசு கிடைக்கிறதோ அதையே மனிதர்கள் விழுமியமாக எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியிடம் தன் விழுமியங்களை விளக்கும் கையேடே இருந்தது. கூடவே, ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளாவது விற்க வேண்டும் என்ற முழக்கமும் இருந்தது. கிளை ஊழியர்கள் அன்றாடம் சந்தித்தது இரண்டாவதைத்தான். வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் விவகாரம் வெளியானபோது சந்தேகத்துக்குரிய கணக்குகள் சுமார் 20 லட்சம் என்று சொல்லப்பட்டது, பின்னர் அது 35 லட்சம் வரை உயர்ந்தது. 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்தார்கள்.

ஒரு தாளை நடுவே மடியுங்கள். இடப்பக்கம் உங்கள் விழுமியங்கள். வலப்பக்கம் சம்பள உயர்வும் பதவி உயர்வும் எதைப் பார்த்துத் தரப்படுகின்றன என்பது. இரண்டையும் பொருத்திப் பாருங்கள். நூறு சதவீதத் தேர்ச்சியை மட்டுமே பாராட்டும் பள்ளி, படிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்கு முன்பே வேறு இடம் பார்க்கச் சொல்லும். "ஒவ்வொரு குழந்தையும் முக்கியம்" என்று வாசலில் எழுதியிருந்தாலும் சொல்லும். புகார் எண்ணிக்கை குறைந்தால் பாராட்டு என்றால், புகாரை வாங்காமல் திருப்பி அனுப்புவார்கள். பொருந்தாத இடங்களில் இலக்கைத்தான் மாற்ற வேண்டும்.

படி 6: தவறைச் சொல்பவருக்குக் காவல்

சத்யேந்திர துபே, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இளம் பொறியாளர். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதற்காகத் தன் விவரங்களைத் தனித் தாளில் இணைத்தார். கடிதம் அந்தத் தாளோடு சேர்ந்தே துறைக்குள் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்பது சிபிஐயின் முடிவு. ஆனால் பெயரை மறைக்கச் சொன்னவரின் பெயர் மறைக்கப்படவில்லை என்பதில் இரண்டு பேச்சு இல்லை. அதன் பிறகே, 2004-ல், புகார் தருபவரின் அடையாளத்தைக் காக்கும் பொறுப்பு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் தரப்பட்டது.

இதை எழுதும்போது எனக்கு இன்னும் மனது கனக்கிறது. உங்கள் நிறுவனம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மூன்று காரியம் செய்யுங்கள். புகாரை வாங்குபவர், புகாருக்கு ஆளாகக்கூடிய நிர்வாகிக்குக் கீழே வேலை செய்பவராக இருக்கக் கூடாது. புகார் வந்ததும் பெயரை வேறு உறையில் வைத்து எண் போடுங்கள், அதன் பிறகு கோப்பில் அந்த எண் மட்டும் நகரட்டும். முப்பது நாளில் என்ன நடந்தது என்பதை, "ஆதாரம் கிடைக்கவில்லை" என்றாலும்கூட, சொன்னவருக்குத் திரும்பச் சொல்லுங்கள். பதில் வராத புகார்ப் பெட்டியில் இரண்டாவது சீட்டு விழாது.

படி 7: விலக்கு கேட்கும் நாள்

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானிடம் 64 பக்க நன்னடத்தை விதிகள் இருந்தன. மரியாதை, நாணயம், தகவல் பரிமாற்றம், மேன்மை என்று நான்கு விழுமியங்கள். 1999-ல் அதன் இயக்குநர் குழு, நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ அதே நிறுவனத்தோடு வியாபாரம் செய்யும் கூட்டு நிதியங்களைத் தானே நடத்துவதற்காக அந்த விதிகளுக்கு விலக்கு அளித்தது. 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது.

விலக்கே கூடாது என்று சொல்ல முடியாது. விலக்கு கேட்பவர் அந்த விவாதத்தில் உட்காரக் கூடாது, காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், விலக்குக்கு முடியும் தேதி இருக்க வேண்டும். மேலே இருப்பவர் கேட்டால் கேள்விகளும் கூடுதலாக இருக்க வேண்டும்.

படி 8: புதியவர்களுக்குச் சொல்வது

விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் போதாது. முதல் படியில் சேகரித்த சீட்டுகளில் ஐந்தைச் சொல்லுங்கள். "நீங்க அந்த இடத்துல இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

படி 9: ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பாருங்கள்

ஜேம்ஸ் பர்க் என்பவர் 1970-களில் ஜான்சன் அண்ட் ஜான்சனின் மேலாளர்களைக் கூட்டி, இந்த உறுதிமொழிப்படி நடக்க முடியாது என்றால் சுவரிலிருந்து கழற்றிவிடலாம் என்று விவாதிக்க வைத்தார். டைலனால் சம்பவத்தின்போது தலைவராக இருந்தவரும் அவர்தான். அதே நிறுவனம் பிற்காலத்தில் குழந்தைப் பவுடர் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்து, 2023-ல் உலகெங்கும் டால்க் பவுடர் விற்பனையை நிறுத்தியது. ஒரு நெருக்கடியில் நன்றாக நடந்துகொண்டதால் அடுத்ததிலும் அப்படியே நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

ஆண்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு விழுமியத்துக்கும் ஒரே கேள்வி: இதற்காக இந்த ஆண்டு எதை விட்டுக்கொடுத்தோம்? பதில் இல்லாத சொல்லை எடுத்துவிடுங்கள். எங்கள் சங்கத்தில் "சேவை" என்ற சொல்லை அப்படித்தான் எடுத்தோம். அது எதையும் தடுக்கவும் இல்லை, செய்ய வைக்கவும் இல்லை. சுவரில் அந்த இடத்தில் இப்போது வெள்ளிக்கிழமைத் தாள் ஒட்டும் பலகை இருக்கிறது.

நான் பொறுப்பில் இருந்த கடைசிப் பேரவைக் கூட்டத்தில் அதே அலுவலக உதவியாளர் எழுந்தார். ஓராண்டின் வெள்ளிக்கிழமைத் தாள்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். மருத்துவ அவசரம் என்று வரிசை மாற்றிய மனுக்களின் எண்களை வரிசையாகப் படித்துவிட்டு, "இதுல பாதி ஒரே பிரிவிலிருந்து வந்திருக்கே, எப்படி சார்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. 30 நாளில் ஆய்வு செய்து பலகையில் பதில் ஒட்டுவதாகத் தீர்மானம் எழுதினோம். முன்மொழிந்தவர் இடத்தில் அவருடைய கையெழுத்து இருக்கிறது.